எஸ்ட்ரடையால் எவ்வளவு இருந்தால் சரி?

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் முடிந்து, ஹார்மோன் சிகிச்சையில் இருக்கும் 46 வயதுப் பெண்கள் இருவர் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் முக்கிய வடிவமான எஸ்ட்ரடையால் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். ஒருவருக்கு மில்லிலிட்டருக்கு 500 பிக்கோகிராம், இன்னொருவருக்கு 25. முதலாமவர் தூக்கம் இழக்கிறார், இரண்டாமவர் கோயிலுக்குப் போய் நன்றி சொல்கிறார். ஆனால் முதலாமவர் சாப்பிடுவது டாமொக்சிஃபென், இரண்டாமவர் சாப்பிடுவது லெட்ரோசோல் என்றால் நிலைமை தலைகீழ். 500 இருப்பவர் மாத்திரையை அப்படியே தொடரலாம். 25 இருப்பவர் மறுநாளே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஹார்மோன் சிகிச்சையில் உள்ளவர்களை அதிகம் குழப்புவது இந்த ஒரு பரிசோதனைதான். எந்த மருந்து, சினைப்பை எந்த நிலையில் இருக்கிறது, எந்தக் கருவியில் அளந்தார்கள் ஆகிய மூன்றும் தெரியாமல் அந்த எண்ணைப் படிக்க முடியாது. பெரும்பாலான நோயாளிகளுக்கு இந்தப் பரிசோதனையே வேண்டியதில்லை. வேண்டிய ஒரு சிறு கூட்டத்துக்கோ அது போதிய அளவு செய்யப்படுவதில்லை, செய்தாலும் தவறான கருவியில் செய்யப்படுகிறது. என் வாதம் இவ்வளவுதான். அதற்கான காரணங்களைப் பார்க்கக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

ஹார்மோன் என்ற கருத்தே உருவாகாத காலத்தில் இந்தச் சிகிச்சை தொடங்கியது. 1895இல் கிளாஸ்கோ அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், முற்றிய மார்பகப் புற்றுநோயோடு வந்த 33 வயதுப் பெண்ணின் சினைப்பைகளை அகற்றினார். பசுக்களின் சினைப்பையை எடுத்தால் பால் சுரப்பு நீடிக்கிறது என்று கால்நடை வளர்ப்போர் கண்டிருந்ததை அவர் அறிந்திருந்தார். சினைப்பைக்கும் மார்புக்கும் ஏதோ ஒரு தொடர்பு இருக்கிறது என்ற ஊகம் மட்டுமே அவர் கையில் இருந்தது. எட்டு மாதங்களில் கட்டிகள் மறைந்தன. 1896இல் லான்செட் இதழில் எழுதினார். ஈஸ்ட்ரோஜனை ரசாயனப் பொருளாகப் பிரித்தெடுக்க அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பீட்சனின் முறையைப் பின்பற்றிய மற்றவர்களுக்கு, மூன்று நோயாளிகளில் ஒருவருக்குத்தான் பலன் கிடைத்தது. ஏன் ஒருவருக்கு மட்டும் என்பதற்கு 1950களின் இறுதியில்தான் விடை வரத் தொடங்கியது. சிகாகோவில் எல்வுட் ஜென்சன் கதிரியக்க அடையாளமிட்ட எஸ்ட்ரடையாலைச் செலுத்தி, சில திசுக்கள் மட்டும் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதைக் காட்டினார். அந்தத் திசுக்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி என்னும் புரதம் இருக்கிறது. புற்றணுக்களில் அந்த ஏற்பி இருந்தால் ஹார்மோன் சிகிச்சை பலிக்கும், இல்லாவிட்டால் பலிக்காது. பயாப்சி அறிக்கையில் இன்று ‘ஈ.ஆர். பாசிட்டிவ்’ என்று எழுதுவது இதைத்தான். மேலைநாடுகளில் நான்கில் மூன்று பங்கு மார்பகப் புற்றுநோய் இந்த வகை. இந்தியாவில் அந்தப் பங்கு குறைவு என்றாலும் பாதிக்கு மேல் இதுதான்.

ஏற்பி உள்ள புற்றணுவை அடக்க மூன்று வழிகள். ஏற்பியை அடைப்பது ஒன்று. உடம்பில் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியை நிறுத்துவது இன்னொன்று. ஏற்பியையே சிதைப்பது மூன்றாவது. ஊசியாகப் போடும் ஃபுல்வெஸ்ட்ரன்ட் அந்த ரகம், பெரும்பாலும் நோய் பரவியவர்களுக்குத் தரப்படுகிறது. முதல் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு புரியாததால்தான் எண்ணைப் பார்த்துப் பயப்படுவதும் நிம்மதி கொள்வதும் இடம் மாறிப் போகின்றன.

டாமொக்சிஃபென் முதல் ரகம். 1962இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் டோரா ரிச்சர்ட்சன் இதைத் தயாரித்தார், ஆர்தர் வால்போல் குழுவின் கருத்தடை மாத்திரை தேடலின் பகுதியாக. எலிகளுக்குக் கருத்தடையாக வேலை செய்த மருந்து, பெண்களுக்கு நேர்மாறாகக் கருமுட்டையை வெளியேறத் தூண்டியது. கருத்தடை மாத்திரையாகத் தோற்ற அதை மான்செஸ்டரின் கிறிஸ்டி மருத்துவமனையில் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1971இல் முடிவை வெளியிட்டார்கள். 1973இல் பிரிட்டனில் அனுமதி கிடைத்தது. ஐந்து ஆண்டுகள் சாப்பிட்டால், தொடக்க நிலையில் ஈ.ஆர். பாசிட்டிவ் நோய் உள்ளவர்களின் புற்றுநோய் மரணம் முதல் 15 ஆண்டுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்த தொகுப்பு 2011இல் காட்டியது. மலிவான ஒரு மாத்திரைக்கு இதைவிடப் பெரிய சாதனை புற்றுநோய் மருத்துவத்தில் அதிகம் இல்லை.

கருமுட்டையைத் தூண்டிய அதே குணம்தான் ரத்தப் பரிசோதனையில் 500ஆக வெளிப்படுகிறது. டாமொக்சிஃபென் மார்பில் மட்டுமல்லாமல் மூளையின் ஹைப்போதலாமஸிலும் ஏற்பியை அடைக்கிறது. ஈஸ்ட்ரோஜன் இல்லை என்று மூளை நினைத்துக்கொண்டு, பிட்யூட்டரி வழியாக எஃப்.எஸ்.எச். ஹார்மோனை அனுப்பிச் சினைப்பையை விரட்டுகிறது. மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு இதனால் எஸ்ட்ரடையால் வழக்கத்தைவிடப் பல மடங்கு ஏறலாம். சினைப்பையில் நீர்க்கட்டிகளும் வரலாம். ஏறிய ஈஸ்ட்ரோஜன் புற்றணுவைப் போய்ச் சேர்ந்தாலும் ஏற்பியில் மருந்து உட்கார்ந்திருக்கிறது. ஆகவே அளவு கூடியதால் மருந்து தோற்றுவிட்டது என்று பொருளில்லை. மாதவிடாய் வராததால் கர்ப்பம் ஆகாது என்று நம்புவதுதான் இங்கே உண்மையான ஆபத்து. டாமொக்சிஃபென் சாப்பிடும்போது கரு உருவாகலாம், கருவுக்கு அந்த மருந்து தீங்கு. காப்பர்-டி போல ஹார்மோன் இல்லாத கருத்தடை வேண்டும் என்பதைச் சீட்டில் எழுதித் தருபவர்கள் குறைவு.

டாமொக்சிஃபெனில் எதையாவது அளந்தே தீர வேண்டும் என்றால் எஸ்ட்ரடையாலைவிட எண்டாக்ஸிஃபெனை அளப்பதில் தர்க்கம் இருக்கிறது. கல்லீரலில் சி.ஒய்.பி.2டி6 என்ற நொதி டாமொக்சிஃபெனை மாற்றித் தரும் வீரியமான வடிவம் அது. பிறவியிலேயே இந்த நொதி பலவீனமாக உள்ளவர்களுக்கு எண்டாக்ஸிஃபென் குறைவாக இருக்கும். அவர்களுக்கு நோய் திரும்புவது அதிகமா என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதால், மரபணுச் சோதனையை வழக்கமாகச் செய்ய வழிகாட்டிகள் சொல்வதில்லை. ஆனால் மனச்சோர்வுக்கும் உடம்பு குபீரென்று சூடாவதற்கும் தரப்படும் பராக்ஸிடினும் ஃபுளூக்ஸிடினும் இந்த நொதியை முடக்குகின்றன. அவற்றுக்குப் பதில் வென்லாஃபாக்ஸின் தருவது நல்லது. இதற்கு எந்தப் பரிசோதனையும் வேண்டாம், மருந்துச் சீட்டை ஒருமுறை சரிபார்த்தால் போதும்.

இரண்டாம் ரகத்துக்கு வருவோம். மாதவிடாய் முற்றிலும் நின்ற பெண்ணின் சினைப்பை ஏறக்குறைய ஓய்ந்துவிடுகிறது. ஆனாலும் ஈஸ்ட்ரோஜன் தீர்ந்துபோவதில்லை. அட்ரினல் சுரப்பி தரும் ஆண்ட்ரோஜன்களைக் கொழுப்பிலும் தசையிலும் உள்ள அரோமடேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. மார்பகத் திசுவிலேயே இந்த மாற்றம் நடப்பதால், ரத்தத்தில் இருப்பதைவிடக் கட்டிக்குள் பல மடங்கு அதிக எஸ்ட்ரடையால் இருக்கக்கூடும். ரத்த அளவை மட்டும் வைத்துக் கட்டியின் கதையைச் சொல்ல முடியாததற்கு இது இன்னொரு காரணம். இந்த நொதியைத் தடுக்கும் மருந்தை 1970களில் தேடத் தொடங்கியவர்களில் முன்னோடி ஆஞ்சலா பிரோடி. அவர் வழியில் வந்தவையே இன்றைய அனாஸ்ட்ரோசோல், லெட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன். இவை நொதியின் வேலையை 97 சதவீத அளவுக்கோ அதற்கு மேலோ அடக்கிவிடுகின்றன. மாதவிடாய் நின்றவர்களுக்கு டாமொக்சிஃபெனைவிட இவை சற்றுக் கூடுதலாக நோயைத் தடுக்கின்றன. விலையாக மூட்டு வலியும் எலும்பு தேய்வும் வருகின்றன.

எவ்வளவு அடங்குகிறது என்பதை எண்ணில் பார்த்தால்தான் அளக்கும் சிக்கல் புரியும். மாதவிடாய் உள்ள பெண்ணுக்கு எஸ்ட்ரடையால் மாதச் சுழற்சியில் சுமார் 30 முதல் 400 பிக்கோகிராம் வரை ஏறி இறங்கும். நின்றபின் 10க்குப் பக்கத்திலோ அதற்குக் கீழோ வரும். அரோமடேஸ் தடுப்பு மருந்து சாப்பிட்டால் 1க்கும் கீழே போகும். ஒரு பிக்கோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. நம் ஊர் ஆய்வகங்களில் பெரும்பாலானவை ஆன்டிபாடி அடிப்படையிலான கருவிகளில் இதை அளக்கின்றன. கருத்தரிப்பு மையங்களின் தேவைக்காக, பெரிய எண்களை வேகமாக அளக்க வடிவமைக்கப்பட்ட கருவிகள் இவை. கருவியைப் பொறுத்து 5இலிருந்து 20 பிக்கோகிராமுக்குக் கீழே அவற்றால் நம்பிக்கையாக ஒன்றும் சொல்ல முடியாது. அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் மூக்குத்தியை வைத்த கதைதான். அறிக்கையில் ‘10க்குக் கீழ்’ என்று வந்தால், உண்மையில் அது 0.5ஆகவும் இருக்கலாம், 8ஆகவும் இருக்கலாம். லெட்ரோசோல் சாப்பிடுபவருக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல. இதைப் பிரித்துக் காட்ட மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வேண்டும்.

போதாக்குறைக்கு இந்தக் கருவிகள் ஏமாறவும் செய்கின்றன. எக்ஸிமெஸ்டேன் ஸ்டீராய்டு வடிவம் கொண்டது. ஆன்டிபாடி அதையே எஸ்ட்ரடையால் என்று எண்ணிப் பொய்யாக உயர்ந்த எண்ணைக் காட்டும். ஃபுல்வெஸ்ட்ரன்ட்டும் அப்படியே, அதன் மருந்துக் குறிப்பிலேயே எச்சரிக்கை இருக்கிறது. கீமோவில் முடி கொட்டிய பெண்கள் முடி வளர பயோட்டின் மாத்திரை வாங்கிச் சாப்பிடுவது நம்மூரில் சாதாரணம். பயோட்டின் பல ஆன்டிபாடிப் பரிசோதனைகளில் குறுக்கிட்டு எஸ்ட்ரடையாலைக் கூட்டிக் காட்டும். பயோட்டின் இப்படி ஆய்வக முடிவுகளைப் பொய்யாக்குவது பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் எச்சரித்தது. இதோடு அலகுக் குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. இந்திய அறிக்கைகள் பிக்கோகிராமில் வரும். லண்டனிலும் டொரன்டோவிலும் பிக்கோமோலில். மில்லிலிட்டருக்கு ஒரு பிக்கோகிராம் என்பது லிட்டருக்கு ஏறக்குறைய 3.67 பிக்கோமோல். கனடாவில் இருக்கும் தங்கையின் அறிக்கையோடு திருச்சியில் இருக்கும் அக்காவின் அறிக்கையை வாட்ஸ்அப்பில் ஒப்பிடுவதற்கு முன் இந்தப் பெருக்கலைச் செய்துகொள்வது நல்லது.

சரி, மாதவிடாய் நின்று பல ஆண்டு ஆன 62 வயதுப் பெண்ணுக்கு இந்தப் பரிசோதனை எதற்கு? பதில்: வேண்டாம். மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டால் அளவு தானாகக் குறையும். அந்த எண்ணைப் பார்த்து மருந்தை மாற்றினால் நன்மை உண்டு என்று எந்தச் சோதனையும் இன்னும் நிரூபிக்கவில்லை. ஒரு சுவாரசியமான தடயம் மட்டும் உண்டு. அனாஸ்ட்ரோசோல் சாப்பிட்டும் எஸ்ட்ரோன் என்ற இன்னொரு ஈஸ்ட்ரோஜனும் எஸ்ட்ரடையாலும் மிக நுண்ணிய வரம்புக்கு மேலே தங்கிவிட்ட பெண்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பும் ஆபத்து சுமார் மும்மடங்கு என்று 2020இல் வந்த ஓர் ஆய்வு கண்டது; லெட்ரோசோலிலும் எக்ஸிமெஸ்டேனிலும் அந்தத் தொடர்பு தெரியவில்லை. எஸ்ட்ரடையாலுக்கு அவர்கள் வைத்த வரம்பு 0.5 பிக்கோகிராம். பருமனான பெண்களுக்கு மருந்துக்குப் பின்னும் மிச்ச ஈஸ்ட்ரோஜன் கூடுதல் என்பதும் தெரிந்ததே. இவை ஆராய்ச்சிக்கு உரியவை. இவற்றை வைத்து மூலைமுடுக்கு ஆய்வகம் ‘ஹார்மோன் பேக்கேஜ்’ விற்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உண்மையான தேவை ஐம்பதுக்குக் கீழே இருக்கிறது. இந்தியாவில் மார்பகப் புற்றுநோய் மேலைநாட்டைவிட ஏறக்குறைய பத்து ஆண்டு முன்னதாகவே வருகிறது. ஆகவே சினைப்பை இன்னும் உயிரோடிருக்கும் நோயாளிகள் நமக்கு அதிகம். கீமோ கொடுத்தால் பலருக்கு மாதவிடாய் நின்றுவிடும். ஆறு மாதம், எட்டு மாதம் வராததைப் பார்த்து, முற்றிலும் நின்றுவிட்டது என்று கருதி அரோமடேஸ் தடுப்பு மருந்தைத் தொடங்கினால் விபரீதம் காத்திருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் இறங்க இறங்கப் பிட்யூட்டரி எஃப்.எஸ்.எச்.ஐக் கூட்டும், தூங்கிக்கொண்டிருந்த சினைப்பை விழித்துக்கொள்ளும். குழந்தையின்மைச் சிகிச்சையில் கருமுட்டையை வளர்க்கக் கொடுப்பதும் இதே லெட்ரோசோல்தான். இந்தியா 2011இல் அந்தப் பயன்பாட்டைத் தடை செய்து, 2017இல் தடையை நீக்கியது. லண்டனின் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையில், கீமோவால் மாதவிடாய் நின்றபின் அரோமடேஸ் தடுப்பு மருந்து சாப்பிட்ட 45 பெண்களைக் கவனித்து 2006இல் எழுதினார்கள். 12 பேருக்குச் சினைப்பை மீண்டும் இயங்கியிருந்தது, ஒருவர் கர்ப்பமாகியிருந்தார். சினைப்பை விழித்துவிட்டால் மருந்தால் அதன் உற்பத்தியை அடக்க முடியாது. மாத்திரை தினமும் உள்ளே போகும், நோயிடமிருந்து காப்பு இருக்காது.

தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் இதற்கு இன்னொரு கிளை உண்டு. ‘கர்ப்பப்பையை எடுத்தாச்சு’ என்று சொல்லும் பெண்கள் முப்பதுகளின் இறுதியிலேயே இங்கே ஏராளம். கர்ப்பப்பையை எடுத்தபோது சினைப்பையை விட்டுவைத்தார்களா என்பது அவர்களுக்கும் பெரும்பாலும் தெரியாது. மாதவிடாய் என்ற அடையாளமே இல்லாத இந்தப் பெண்களுக்கு ஹார்மோன் மருந்தைத் தீர்மானிக்கும்போது பழைய அறுவை சிகிச்சைச் சீட்டோ ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ இல்லாமல் முடிவெடுப்பது சூதாட்டம்.

இளம் பெண்களுக்கு இப்போது பரவலாகச் செய்வது, சினைப்பையை ஊசியால் அடக்கிவிட்டு அதோடு மாத்திரை தருவது. கோசெரெலின், லூப்ரோலைடு, டிரிப்டோரெலின் ஆகிய ஊசிகள் பிட்யூட்டரியை முதலில் தூண்டி, பிறகு சோர்ந்துபோகச் செய்கின்றன. முதல் சில நாட்கள் ஹார்மோன் ஏறி, மூன்று நான்கு வாரங்களில் விழும். இந்த ஊசியோடு எக்ஸிமெஸ்டேன் சாப்பிட்டவர்களில் ஐந்து ஆண்டு நோயற்றிருந்தோர் 91.1 சதவீதம், ஊசியோடு டாமொக்சிஃபென் சாப்பிட்டவர்களில் 87.3 சதவீதம் என்று டெக்ஸ்ட், சாஃப்ட் என்ற இரு பெரிய ஆய்வுகளின் கூட்டு முடிவு 2014இல் வந்தது. அதன்பின் இந்தக் கூட்டணி உலகெங்கும் பரவியது.

ஊசி எல்லாருக்கும் சினைப்பையை அடக்குகிறதா என்று பார்த்த சாஃப்டின் துணை ஆய்வு அவ்வளவு ஆறுதலாக இல்லை. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வைத்து அளந்தார்கள், 2.72 பிக்கோகிராம், அதாவது 10 பிக்கோமோல், வரம்பு. ஊசியும் எக்ஸிமெஸ்டேனும் பெற்ற பெண்களில் மூன்றில் ஒருவர் முதல் ஆண்டில் ஒருமுறையேனும் அந்த வரம்பைத் தாண்டியிருந்தார். பன்னிரண்டாம் மாதத்தில்கூட 17 சதவீதம் பேர் தாண்டியே இருந்தார்கள். கீமோ பெறாதவர்கள், எடை கூடியவர்கள் இதில் அதிகம். நம்மூர் ஆய்வகத்தின் ‘10க்குக் கீழ்’ அறிக்கையில் இவர்களில் பலர் பாஸ் ஆகியிருப்பார்கள்.

இந்தக் கூட்டத்துக்குத்தான் பரிசோதனை தேவை, அதுவும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில். அடுத்த ஊசிக்குச் சற்று முன்னால் ரத்தம் எடுத்தால்தான் மருந்தின் பிடி தளர்ந்திருக்கும் நேரம் தெரியும். எஃப்.எஸ்.எச்.ஐ நம்பிப் பயனில்லை. ஊசியே அதை அடக்கிவிடுகிறது. மாதம் ஒருமுறை போட வேண்டிய ஊசிக்குப் பதில் வசதிக்காக மூன்று மாத ஊசி போடுவதைச் சில வழிகாட்டிகள் தயக்கத்தோடுதான் பார்க்கின்றன. இடையில் ரத்தப்போக்கு வந்தாலோ, ஆரம்பத்தில் இருந்த உடல் சூடு திடீரென்று நின்றுவிட்டாலோ, அது நிம்மதிக்குரிய செய்தி அல்ல.

நல்ல கருவி எட்டாத ஊரில் இருக்கும் 45 வயதுப் பெண்ணுக்கு இன்னொரு வழி இருக்கிறது, பீட்சன் காட்டிய பழைய வழி. வியட்நாமிலும் சீனாவிலும் 1993 முதல் 1999 வரை 709 பெண்களைச் சேர்த்து அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் லவ் நடத்திய ஆய்வில், சினைப்பை அகற்றி டாமொக்சிஃபென் கொடுத்தவர்களில் ஐந்து ஆண்டு நோயின்றி இருந்தோர் 75 சதவீதம்; இரண்டும் பெறாதவர்களில் 58. லேப்ராஸ்கோப்பில் செய்யும் சிறு அறுவை அது. மாதாமாதம் ஊசிக்குப் பணமும் பஸ்ஸும் தேடவேண்டாம், அளவு ஏறியதா என்ற கவலையும் வேண்டாம். முப்பத்தைந்து வயதில் இதைச் செய்வது எலும்புக்கும் இதயத்துக்கும் சுமை. பிள்ளைப்பேறு வாய்ப்பும் திரும்பாது. நாற்பத்தைந்தில், குடும்பம் நிறைவடைந்தவருக்கு, இதை முதலில் சொல்லாமல் விலையுயர்ந்த ஊசியை மட்டும் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஈஸ்ட்ரோஜன் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்று இதுவரை சொன்னதைக் கொண்டு முடிவுகட்ட முடியாது. 1944இலேயே லண்டனின் அலெக்சாண்டர் ஹாடோ, செயற்கை ஈஸ்ட்ரோஜனைப் பெரிய அளவில் கொடுத்து முற்றிய மார்பகப் புற்றுநோயைச் சுருங்க வைத்தார். டாமொக்சிஃபென் வரும் வரை வயதான பெண்களுக்கு அதுவே ஹார்மோன் சிகிச்சை. அரோமடேஸ் தடுப்பு மருந்து வேலை செய்யாமல் போனவர்களுக்கு எஸ்ட்ரடையாலையே தினம் 6 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2009இல் வந்தது. ஏறக்குறைய 29 சதவீதம் பேருக்கு நோய் கட்டுப்பட்டது. நீண்ட நாள் ஈஸ்ட்ரோஜன் பட்டினியில் பழகிய புற்றணு, திடீர் விருந்தில் செத்துப்போகிறது என்பதே இன்றைய விளக்கம்.

அன்றாடச் சிக்கல் ஒன்றிலும் எண்ணுக்கு வேலை உண்டு. ஈஸ்ட்ரோஜன் வற்றுவதால் பெண்ணுறுப்பு உலர்ந்து, தாம்பத்தியமும் சிறுநீர் கழிப்பதும் வேதனையாகும். வெளியே சொல்லக் கூச்சப்பட்டு மாத்திரையையே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. இந்த உலர்வுக்காக உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை அந்த இடத்தில் மட்டுமே நிற்கிறது என்று நினைத்தார்கள். அரோமடேஸ் தடுப்பு மருந்து சாப்பிட்ட ஏழு பெண்களிடம் 2006இல் அளந்தபோது, ஆறு பேருக்கு இரண்டாம் வாரத்தில் ரத்த எஸ்ட்ரடையால் ஏறியிருந்தது. பிறகு பெரும்பாலும் இறங்கியது. ஏழு பேரை வைத்துப் பெரிய முடிவு எடுக்க முடியாது. ஆனாலும் ஹார்மோன் இல்லாத ஜெல்லில் தொடங்குவதும், அது போதாவிட்டால் டாமொக்சிஃபெனுக்கு மாற முடியுமா என்று பேசுவதும் புத்திசாலித்தனம்.

வாழ்நாளிலேயே ஈஸ்ட்ரோஜன் உச்சத்துக்குப் போகும் காலம் கர்ப்பம். அதனால் ஈ.ஆர். பாசிட்டிவ் நோய் வந்த இளம் பெண்களிடம் பிள்ளை வேண்டாம் என்றே பல காலம் சொல்லிவந்தார்கள். 42 வயது வரையிலான 516 பெண்கள் ஹார்மோன் சிகிச்சையை இரண்டு ஆண்டு வரை இடைநிறுத்திக் கருத்தரிக்க முயன்ற ‘பாசிட்டிவ்’ ஆய்வு 2023இல் வந்தது. கர்ப்பம் குறித்துக் கணக்கிட்ட 497 பேரில் 317 பேர் குழந்தை பெற்றார்கள். மூன்று ஆண்டில் நோய் திரும்பியவர்கள் 8.9 சதவீதம், மருந்தை நிறுத்தாத ஒப்பீட்டுக் குழுவில் 9.2. கர்ப்பத்தின் ஈஸ்ட்ரோஜன் வெள்ளம் மூன்று ஆண்டுக்குள் தீங்கு செய்யவில்லை. இந்த வகை நோய் பத்து, பதினைந்து ஆண்டுக்குப் பின்னும் திரும்பக்கூடியது என்பதால் அந்தப் பெண்களை இன்னும் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள்.